ஓடாத மோட்டாரும் உயர்ந்த நீர்மட்டமும்

நிலத்தடி நீர்ப் பணிக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். கிணற்றில் டேப்பை விட்டு நீர்மட்டம் அளப்பது எப்படி, தடுப்பணைக்கு இடம் பார்ப்பது எப்படி என்பதையெல்லாம் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அதில் நான் சேர்க்க ஒன்றும் இல்லை. எல்லாவற்றையும் சரியாக அளந்து, அளந்ததை அப்படியே எழுதி, நான் செய்த ஒரு பெரிய தவறைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

வயதுக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். அப்போது எனக்கு இருபத்தாறு வருட சர்வீஸ். ராஜபாளையம் வட்டாரத்தில் எந்த ஓடை எந்தக் கண்மாயில் போய் விழும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வேன், அது என் குணம். அலுவலகத்தில் என் முதுகுக்குப் பின்னால் எனக்குத் ‘தண்ணி டீச்சர்’ என்று பெயர். அது என் காதுக்கு வந்தபோது கோபம் வரவில்லை, உள்ளூரக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

சேத்தூருக்கு மேற்கே மலையை ஒட்டி ஓர் ஊர். பெயர் வேண்டாம். மலையிலிருந்து இறங்கும் ஓடை அந்த ஊரைத் தொட்டுக்கொண்டு கிழக்கே தளவாய்புரம் பக்கமாகப் போகிறது. ஐப்பசி, கார்த்திகையில் சில நாள் புரண்டு ஓடும், மற்ற நாளெல்லாம் வெறும் மணல். ஓடி வீணாகிற தண்ணீரை நிலத்துக்குள் இறக்க வேண்டும் என்று ஓடையின் குறுக்கே ஒரு தடுப்பணை கட்டினோம். அணைக்கு உள்பக்கம் ஓடையின் தரையில் ஆழமாக இரண்டு துளைகள் போட்டு, வாய்ப்பகுதியில் ஜல்லியும் மணலும் நிரப்பினோம். தேங்கும் தண்ணீர் மணலில் வடிந்து, துளை வழியாக அடிப்பாறை இடுக்குகளுக்குப் போய், சுற்று வட்டாரக் கிணறுகளில் ஊற வேண்டும். ஊர்க்காரர்கள் அதற்கு ‘தண்ணி எறக்குற குழா’ என்று பெயர் வைத்தார்கள். நாங்கள் வைத்த பெயரைவிட அது நல்ல பெயர்.

தண்ணீர் இறங்குகிறதா என்று தெரிந்துகொள்ள ஒரு கிணறு வேண்டும். அணைக்குக் கீழே கொஞ்ச தூரத்தில், பல வருடமாக எங்கள் பதிவேட்டில் இருக்கும் கிணறு ஒன்று இருந்தது. நான்கு பங்காளிகளுக்குச் சொந்தமான கூட்டுக் கிணறு. இன்றைக்கு ஒருவர், நாளைக்கு ஒருவர் என்று முறை வைத்து இறைப்பார்கள். மாதம் ஒருமுறை நானே போய் அளந்தேன். இளையவர்களை அனுப்பாமல் நானே போனதில் எனக்கு ஒரு திருப்தி.

உங்களுக்குத் தெரிந்த விதிதான். மோட்டார் ஓடும்போது அளக்கக் கூடாது. நிறுத்தி, தண்ணீர் தன் மட்டத்துக்கு ஏறி நின்ற பிறகுதான் டேப்பை விட வேண்டும். முந்தைய வருடங்களில் அந்தக் கிணற்றுக்கு எப்போது போனாலும் யாராவது ஒருவருடைய முறை நடந்துகொண்டிருக்கும். நிறுத்தச் சொன்னால் முகம் சுளிப்பார்கள், அவர்கள் பாய்ச்சி முடிக்கும்வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருக்க வேண்டும். அணை கட்டிய வருடம் அந்தத் தொல்லையே இல்லை. ஆவணியில் போனேன், மோட்டார் ஓடவில்லை. புரட்டாசியில் போனேன், ஓடவில்லை. மார்கழி வரைக்கும் அப்படித்தான். வந்ததும் அளந்துவிட்டுக் கிளம்ப முடிந்தது. இந்த வருடம் எனக்கு நல்ல நேரம் என்று நினைத்துக்கொண்டேன்.

நீர்மட்டமும் ஏறிக்கொண்டே வந்தது. மழைக்கு எந்தக் கிணறும் கொஞ்சம் ஏறத்தான் செய்யும், அது எனக்குத் தெரியாதா? பழைய வருடங்களின் அளவோடு வைத்துப் பார்த்தேன். மழை வழக்கம்போலத்தான் பெய்திருந்தது, கிணறு மட்டும் எந்த வருடமும் இல்லாத அளவுக்கு நிறைந்திருந்தது. பொங்கலுக்கு முன்பே அறிக்கை எழுதி முடித்தேன். நீர் செறிவூட்டும் பணியின் பலனாகக் கிணற்றில் நீர்மட்டம் கணிசமாக உயர்ந்துள்ளது என்றும், இந்தப் பலன் அடுத்தடுத்த பருவங்களில் சுற்றுப்புறக் கிணறுகளுக்கும் பரவும் என்றும் முதல் பக்கத்தின் இரண்டாவது பத்தியில் எழுதினேன். எழுதி முடித்ததும் அந்தப் பத்தியை நானே இரண்டு தடவை வாசித்துப் பார்த்து ரசித்தேன். யாரோ அந்தப் பக்கத்தை போனில் படம் எடுத்து வாட்ஸப்பில் போட்டார்கள். பால் சொசைட்டி குரூப், பருத்தி விவசாயிகள் குரூப் என்று அது ஒரு சுற்றுச் சுற்றி என் தங்கை வழியாக எனக்கே வந்து சேர்ந்தது.

அந்தப் பக்கத்தை நம்பியவர்களில் ஒருத்தி, அதே ஊர்க் காளீஸ்வரி. முப்பது வயது இருக்கும். கணவன் துணை ராணுவத்தில் வடக்கே வேலை பார்த்தான். இவள் ஊரில் இருந்துகொண்டு நிலத்தைப் பார்த்துக்கொண்டாள். நிலத்தில் ஒரு கிணறு உண்டு, ஆனால் வருடத்தில் பாதி நாள் அது கிணறு என்று பேர்தான். தண்ணியில்லாத காட்டைக் காவல் காத்தது போதும், குத்தகைக்கு விட்டுவிட்டுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு தன்னோடு வந்துவிடு என்று கணவன் இரண்டு வருடமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு அதில் இஷ்டமில்லை. சொந்த நிலத்தில் தென்னை வைக்க வேண்டும் என்பது அவளுடைய ஆசை. பொங்கலுக்கு நீண்ட லீவில் வந்தவனிடம் என் அறிக்கையைக் காட்டி, அவனையும் மாமனாரையும் சம்மதிக்க வைத்துவிட்டாள். என்னைக் கூப்பிட்டு நன்றியும் சொன்னாள். கணவன் ஆள் வைக்காமல் தானே குழி வெட்டிக்கொண்டிருந்தான். கன்றுகள் ஒரு செவ்வாய்க்கிழமை வந்து இறங்குவதாக ஏற்பாடு.

அதே வாரம் வியாழக்கிழமை சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி அணையைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய வாரம், கிணற்றுச் சுவரில் ‘கண்காணிப்புக் கிணறு’ என்று பெயின்ட்டில் எழுத நல்ல இடம் பார்க்கலாம் என்று போயிருந்தேன். சுவரைச் சுற்றி வரும்போதுதான், மோட்டார் தண்ணீரைத் தொட்டியில் கொட்டுகிற குழாயின் வாயைப் பார்த்தேன். மண்ணால் அடைத்திருந்தது. பிள்ளைகளின் சேட்டை என்று நினைத்து ஒரு குச்சியால் குத்தினேன். குளவிக் கூடு. ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டிய கூடுகள். சிலவற்றில் குஞ்சு பொரித்துப் பறந்து போன ஓட்டைகூடக் காய்ந்து கிடந்தது.

தண்ணீர் வருகிற குழாயில் குளவி கூடு கட்டாது. அதைப் புரிந்துகொள்ள இருபத்தாறு வருட சர்வீஸ் தேவையில்லை.

கணவனுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு அந்த வழியாகக் காளீஸ்வரி வந்தாள். இந்த மோட்டார் ஓடி எத்தனை நாளாகிறது என்று கேட்டேன்.

“இது கேசுல கெடக்குல்லா மேடம்? ஆடி மாசத்துல இருந்து ஓடல. ஒருத்தர் பெரிய மோட்டாரா மாட்டிட்டாருன்னு மத்த மூணு பேரும் கோர்ட்டுக்குப் போயிட்டாக. கேசு முடியுற வரைக்கும் யாரும் சுவிச்சத் தொடக் கூடாதுன்னு தடை.”

ஊரில் எல்லோருக்கும் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றாள். என்னிடம் ஒருவரும் சொல்லவில்லையே என்றேன். அதில் கொஞ்சம் கோபமும் இருந்திருக்க வேண்டும்.

“நீங்க கேக்கலியே மேடம். மாசாமாசம் வாரீக, அளக்குதீக, எழுதிட்டுப் போறீக. தெரிஞ்சுதான் எழுதுதீகன்னு நாங்க நெனச்சோம்.”

அங்கேயே அவளிடம் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சாப்பாடு ஆறிவிடும், போ என்று அனுப்பிவிட்டேன். அரை வருடமாக ஒரு சொட்டு இறைக்காத கிணறு நிறையாமல் என்ன செய்யும்? அது அணையின் வேலையா, கோர்ட் தடையின் வேலையா என்று என் பதிவேட்டை வைத்துச் சொல்லவே முடியாது. அளவில் பிழை இல்லை. என் விதிப்புத்தகம் மோட்டார் ஓடக் கூடாது என்றது, மோட்டார் ஓடவில்லை, நான் மகிழ்ந்துபோனேன். ஏன் ஓடவில்லை என்று கேட்க அந்தப் புத்தகத்தில் கட்டம் இல்லை.

அன்று மதியத்துக்கு மேல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு சுற்றியுள்ள கிணறுகளுக்குப் போனேன். எத்தனை அடியில் தண்ணீர் என்று கேட்கவில்லை. அதிகாரி வந்து அப்படிக் கேட்டால் ஏதோ தடை வரப்போகிறது என்று ஆளுக்கொரு கணக்குச் சொல்வார்கள். அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது வேறு. மோட்டார் எம்புட்டு நேரம் ஓடுது என்றுதான் கேட்டுக்கொள்வார்கள். கிணறு வற்றி மோட்டார் காற்றை இழுக்கும்வரை எவ்வளவு நேரம் என்பதுதான் அந்த வட்டாரத்தின் அளவுகோல். நானும் அப்படியே கேட்டேன். ஒன்றரை மணி நேரம், அதற்கு மேல் காத்து வாங்கும் என்றார்கள். போன வருடம் எப்படி என்று கேட்டேன். போன வருடமும் அதேதான். ஒருவர் மட்டும் இந்த வருடம் பத்து நிமிடம் கூடுதலாக ஓடுகிறது என்றார். என் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டுச் சொன்னாரோ என்று எனக்குச் சந்தேகம்.

திரும்பும்போது அணையில் தண்ணீர் விளிம்பு வரை தளும்பி நின்றது. படம் எடுக்க அழகாகத்தான் இருந்தது. தண்ணீர் உள்ளே இறங்கியிருந்தால் இவ்வளவு நாள் இப்படி நிற்குமா என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. கார்த்திகையிலிருந்து அந்தத் தண்ணீரைப் பார்த்து எல்லோரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தோம். நான்தான் முதலில் சந்தோஷப்பட்டவள்.

மறுநாள் காலை என் மேலதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது, எதுவும் கலங்கக் கூடாது என்ற எண்ணம். நீர்மட்டம் உயர்ந்தது உண்மைதானே, ஏன் உயர்ந்தது என்று நாம் சத்தியமா செய்து கொடுத்தோம் என்றார். இரண்டாவது பத்தியில் செய்து கொடுத்திருக்கிறோம் என்றேன். அவர், வியாழக்கிழமை விசிட் முடியட்டும், வெள்ளிக்கிழமை திருத்தம் எழுதுங்கள், நானே கையெழுத்துப் போடுகிறேன் என்றார். நியாயமான யோசனைதான். ஒரு வாரத்தில் கிணறு எங்கேயும் ஓடிவிடாது. ஆனால் கன்று செவ்வாய்க்கிழமை வருகிறது. தென்னங்கன்றை வைத்துவிட்டால், அப்புறம் அது பிழைக்கும்வரை தண்ணீர் தேடுவதைத் தவிர ஒருத்திக்கு வேறு வழி இல்லை. அவளும் சாதாரணமாக விடுகிற ஆள் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில், எங்கள் ஆபீஸ் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் போனேன். ஆபீஸ் வண்டியை எடுக்கவில்லை. எடுத்தால் ஆபீஸ் விஷயம் ஆகிவிடும் என்று ஒரு கோழைத்தனமான யோசனை. காளீஸ்வரி களத்து ஓரத்தில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள். சுற்றி வளைக்காமல் சொன்னேன். நான் எழுதியது தவறு, அணையிலிருந்து தண்ணீர் இறங்குகிறது என்று என்னால் சொல்ல முடியாது, என் பேச்சை நம்பிக் கன்று வைக்காதே என்றேன். மாடு குடித்து முடித்ததும் அவள் வாளியைக் கவிழ்த்து வைத்தாள். அழுவாள் அல்லது ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் நடக்கவில்லை.

“பேப்பரக் காட்டி அவியளச் சம்மதிக்க வச்சது நானு. இப்ப நானே போயி வேண்டாம்னு சொன்னா, பொம்பள பேச்சு இம்புட்டுத்தான்னு ஆயிரும். பொறவு இந்த வீட்டுல நான் எதுக்கும் வாயத் தொறக்க முடியாது. எழுதுனது நீங்கதான, நீங்களே வந்து சொல்லுங்க.”

நான் அதை நினைத்தே பார்க்கவில்லை. அவளிடம் சொல்லிவிட்டால் என் பாரம் இறங்கிவிடும் என்று வந்திருந்தேன். அந்தப் பாரத்தை அவள் தலையில் ஏற்றிவிட்டுப் போக இருந்தேன் என்பது அவள் சொல்லித்தான் எனக்குப் புரிந்தது.

வீட்டுக்குப் போனோம். மாமனார், மாமியார், கணவன் மூவரும் இருந்தார்கள். நாற்காலி போட்டார்கள், நான் நின்றுகொண்டே சொன்னேன். என்ன எழுதினேன், ஏன் எழுதினேன், எதைக் கேட்காமல் விட்டேன் என்பதை வரிசையாகச் சொன்னேன். உங்கள் மருமகள் படித்தது சரி, நான் எழுதியதுதான் தவறு என்றும் சொன்னேன். மாமனார் என்னைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கணவனின் இரண்டு உள்ளங்கையிலும் கடப்பாரை பிடித்த கொப்புளம். அவன் ஒரே ஒரு கேள்வி கேட்டான்.

“அப்ப தண்ணி வராதா?”

“தெரியல தம்பி” என்றேன். ஒரு விவசாயியிடம் அந்த வார்த்தையைச் சொன்னது என் சர்வீஸில் அதுதான் முதல் முறை. இருபத்தாறு வருட சர்வீஸ்.

“இதையே அன்னைக்கு எழுதியிருக்கலாம்லா” என்றான். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

அவர்கள் கிணற்று மோட்டார் கோடையில் எவ்வளவு நேரம் ஓடும் என்பதை வைத்து, எத்தனை கன்றைக் காப்பாற்ற முடியும் என்று நாங்கள் ஐவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். இருபது என்று வந்தது. இருபது கன்று மட்டும் வைத்தார்கள். மிச்சக் குழிகளைக் கணவன் லீவு முடிவதற்குள் தானே மூடினான். அவன் போகும்போது காளீஸ்வரியைத் தன்னோடு வரச் சொல்லிக் கூப்பிடவில்லை, அந்த இருபது கன்றைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று விட்டுப் போனான். அது நடந்ததில் எனக்கு எந்தப் பங்கும் இல்லை, ஆனாலும் மனசுக்கு ஆறுதலாக இருந்தது.

வியாழக்கிழமை வந்தவர் தண்ணீரைப் பார்த்து மகிழ்ந்துவிட்டுப் போனார். வெள்ளிக்கிழமை திருத்தம் எழுதினேன். மேலதிகாரி சொன்னபடி கையெழுத்துப் போட்டார். மேலே போன திருத்தம், முன்பே சரிபார்க்காதது ஏன் என்று எனக்கு ஒரு குறிப்பாணையாகத் திரும்பி வந்தது. பங்குனியில் அணை தானாகவே வற்றியதும் துளைகளின் வாயைச் சுரண்டிப் பார்த்தோம். முதல் வெள்ளம் கொண்டுவந்த வண்டல், மணலின் மேல் பாலாடை மாதிரி படிந்து அடைத்திருந்தது. அதை வழித்து எடுத்து, புது மணல் போட்டோம். ஒவ்வொரு மழைக்கு முன்பும் வழிக்க வேண்டும் என்று ஊராட்சியோடு பேசி ஏற்பாடு செய்தோம். பிந்தைய வருடங்களில் தண்ணீர் இறங்கவும் செய்தது. இதோடு இந்தக் கதையை முடித்தால் எனக்கு நல்ல பெயர்தான். ஓய்வு பெற்ற விழாவில் இதுவரைக்கும்தான் சொன்னேன், கைதட்டினார்கள்.

அந்த வைகாசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் ஆபீசுக்கு ஒருவர் வந்தார். பெயர் ஞானமுத்து. அதே ஓடையில் இன்னும் கீழே, தளவாய்புரம் பக்கத்துக்காரர். விசைத்தறி ஓட்டிக்கொண்டே கொஞ்சம் நிலமும் வைத்திருந்தார். போனை எடுத்து என் அறிக்கையின் முதல் பக்கத்தைக் காட்டினார். இதை நம்பி மாசிக் கடைசியில் கிணற்றடியில் தென்னை வைத்ததாகவும், கிணறு இப்போது கால்மணி நேரம்கூட ஓடவில்லை என்றும், தண்ணீர் எப்போது பரவும் என்று கேட்டுப் போக வந்ததாகவும் சொன்னார். மாசிக் கடைசி என்றால் நான் காளீஸ்வரியின் வீட்டில் நின்று பேசியதற்கு மூன்று வாரம் பிந்தி.

அந்த அறிக்கை தவறு என்று அப்போதே திருத்திவிட்டோம் என்றேன்.

“எந்த குரூப்ல போட்டீக மேடம்? எனக்கு வரலியே.”

அவர் குத்திக் காட்டவில்லை. தன் போனில் ஏதோ விட்டுப்போய்விட்டது என்றுதான் நினைத்து, மேலும் கீழும் தள்ளித் தேடிக்கொண்டிருந்தார். நான் கோப்பில் போட்டிருந்தேன். வரிசை எண், தேதி, கையெழுத்து எல்லாம் சரியாக, அலமாரியில் இருந்தது.

அவரோடு அப்போதே கிளம்பிப் போனேன். கன்றுகள் பாதிக்குமேல் குருத்து காய்ந்து நின்றன. வேர்ப்பக்கம் ஈரம் இருந்தது. பக்கத்தில் ஒரு டிரம் இருந்தது. டிராக்டர் டேங்கரில் வரவழைத்த தண்ணீரை அவர் மனைவி குடத்தில் மொண்டு ஒவ்வொரு கன்றாக ஊற்றிக்கொண்டிருந்தார். விலைக்கு வாங்கும் தண்ணீர் எல்லாவற்றுக்கும் போதாது, எந்தக் கன்றைக் கைவிடலாம் என்று நான் சொல்ல வேண்டும். உண்மை தெரிந்ததும் ஞானமுத்து என்னிடம் கேட்டது அது ஒன்றைத்தான். வரிசை வரிசையாக நடந்து இது, இது என்று காட்டினேன். நான் காட்டியதற்கெல்லாம் அந்த அம்மா தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினார். வெயிலில் தலை சுற்றுவதுபோல் நான் வரப்பில் உட்கார்ந்ததும், அதே டிரம்மிலிருந்து ஒரு செம்பு மொண்டு கொண்டுவந்து என்னிடம் நீட்டினார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு எந்த யோக்கியதையும் இல்லை. வெட்கத்தோடு வாங்கிக் குடித்தேன்.